பெரியவங்களுக்கு மட்டும்

மழை விடற மாதிரி தெரியல. வண்டியும் இப்போதைக்கு வராது. சரி, நெருங்கி உட்காருங்க, சொல்றேன். ஆனா நடுவுல அது எப்படி, இது எப்படின்னு கேக்கக் கூடாது. எனக்கே தெரியாது. இது நம்ம மீட்டர், அதான் தண்ணி மீட்டர் பார்க்கறவன், அவனோட அக்காவுக்கு நடந்தது. இன்னிக்கு அவன் லீவு, அதனாலதான் சொல்றேன். அவன் இருந்தா வாயைத் திறக்க மாட்டேன்.

மத்தியானம் மூணு மணி... ஆமா, மத்தியானம்தான். பேய்னா ராத்திரி ஷிஃப்டுக்குத்தான் வரணும்னு எவன் சொன்னான்? நல்ல வெயில். கடலை ஒட்டிப் போற ரோடு. ரெண்டு பக்கமும் சவுக்கு மரம். முன்னாடியும் வண்டி இல்ல, பின்னாடியும் வண்டி இல்ல. கடைசியா ஒரு கடையைப் பார்த்தது எப்பவோ.

கார்ல ரெண்டு பேர். ஓட்டுறது அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள்ள கம்பியைப் பிடிச்சுத் தொங்கி வேலை செய்யற ஆளு. பயந்த சுபாவம் கிடையாது. பக்கத்துல அக்கா. மருந்துக்கடையில வேலை. அதாவது, அதுவரைக்கும் வேலை. அப்புறம் போகல.

அவங்களுக்கு ஒரே பொண்ணு. ஏழு வயசு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போச்சு. திரும்பி நடந்து வரல... அவ்வளவுதான். அதுக்கு மேல மீட்டர் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.

அதுக்கப்புறம் அந்த வீட்டுல அழுகைகூட இல்லையாம். அழுதாத் தேவலைன்னு மீட்டர் சொல்லுவான். சாப்பிட்டியாக்கான்னு கேட்டா, "தெரியலடா"ம்பாங்களாம். சாப்பிட்டது மறந்து போகுமா ஒரு மனுஷிக்கு? காலையில தெருவுல ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். கையில கரண்டி இருந்தா கரண்டியோட, துணி இருந்தா துணியோட, அப்படியே நிப்பாங்களாம். வேன் போனதும் விட்ட இடத்துலேர்ந்து செய்வாங்க. எந்தக் குழந்தைச் சத்தமும் ஆகல. கீழ் வீட்டுப் பிள்ளை படியில ஓடினாக்கூட ஜன்னலைச் சாத்திடுவாங்க.

அப்பதான் அக்கா வீட்டுக்காரர் ஒரு இடம் சொன்னார். கடற்கரையில பெரிய ரிசார்ட். அங்க லிஃப்ட் மாட்டினது இவரோட கம்பெனிதான். மேனேஜர் நல்ல பழக்கம். ஆள் வராத மாசம் ஒண்ணுல வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க சார்னு ரொம்ப நாளா கூப்பிட்டுட்டு இருந்தார். இவருக்கு ஞாபகம் வந்தது வேற. அங்க வாசல்லயே போர்டு இருக்கும். பதினெட்டு வயசுக்குக் கீழ யாரையும் உள்ள விட மாட்டாங்க. பெரியவங்களுக்கு மட்டும். "அங்க ஒரு குழந்தைச் சத்தம் கேக்காது, வா"ன்னார். அக்கா சரின்னாங்க. அப்போ எதைச் சொன்னாலும் சரிதான்.

அந்த ரோட்டுல வண்டி சூடாயிடுச்சு. இவர் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, ஆறட்டும்னு நின்னார். அக்கா இறங்கி மரத்துப் பக்கம் நின்னாங்க. காத்தே இல்ல. சவுக்கு மரம் எப்பவும் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் போடும் பாருங்க... அதுவும் இல்லையாம். ஒரு வாடை மட்டும் வந்தது. ஈரத்துணியைப் பையில போட்டு மறந்துட்டா வருமே, அந்த வாடை. அப்புறம் டப்புன்னு ஒரு சத்தம். பின் கதவு சாத்துற சத்தம்.

இவர் நினைச்சார், அவ சாத்துறா. அக்கா நினைச்சாங்க, அவர் சாத்துறார். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கல. அந்த நாள்ல அவங்க எதையுமே கேட்டுக்கறதில்ல. தண்ணி ஊத்தினார், கிளம்பிட்டாங்க.

ரிசார்ட் கேட்டுல செக்யூரிட்டி குனிஞ்சு உள்ள பார்த்தான். முன்னாடி பார்த்தான், பின்னாடி பார்த்தான். "சார், சின்னப் பிள்ளைங்களுக்கு இங்க அனுமதி இல்லைங்க"ன்னான்.

எல்லார்கிட்டயும் ஒப்பிக்கிற பாட்டுன்னு இவர் நினைச்சுட்டார். "எங்களுக்குக் குழந்தை இல்லைங்க"ன்னார்.

சொன்னதுக்கு அப்புறம்தான் அவருக்கே காதுல விழுந்தது. அந்த வார்த்தையை அவர் அதுவரைக்கும் சொன்னதே இல்ல. பக்கத்துல திரும்பிப் பார்த்தார். அக்கா நேரா ரோட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. செக்யூரிட்டி இன்னொரு தரம் பின் சீட்டைப் பார்த்தான். ஏதோ கேக்க வாயெடுத்தான்... கேக்கல. கம்பியைத் தூக்கிட்டான்.

உள்ள நல்ல இடம்தான். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, வெள்ளைக் குடை. சொர்க்கத்துக்குப் பெயின்ட் அடிக்கறவன் இங்கதான் பழகியிருப்பான் போலன்னு அவர் சொன்னாராம். அக்கா சிரிக்கல. அவரும் சிரிக்கல. ரூம் கதவைத் திறந்தா மணல், மணலைத் தாண்டினா கடல். வயசான ஜோடிங்க ரெண்டு மூணு துண்டை விரிச்சுப் படுத்திருந்தாங்க. எங்கயும் சத்தம் இல்ல. அக்கா கட்டில்ல படுத்து, சீலிங்கைப் பார்த்துட்டே சாயங்காலம் வரைக்கும் இருந்தாங்க. தூங்கவும் இல்ல.

சாயங்காலம் சாப்பாட்டு ஹாலுக்குப் போனாங்க. சர்வர் மூணு தட்டு வச்சான். "ரெண்டு பேர்தான்"னு இவர் சொன்னார். அவன் மூணாவது நாற்காலியைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். சாரி சார்னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துட்டுப் போனான். தண்ணி கிளாஸை மட்டும் எடுக்கல.

மறுநாள் காலையில நீச்சல் குளத்துக்கிட்ட விசில் ஊதறவன் ஊதிக்கிட்டே இருந்தான். யாரை ஊதறான்னே புரியல, தண்ணியில ஆளே இல்ல. அவன் இவங்க ரூமைக் கை காட்டிக் காட்டி ஏதோ சொல்றான். பக்கத்து ரூம் அம்மா, நல்ல வயசானவங்க, இவங்க வராந்தாவுக்கே வந்துட்டாங்க. "அமைதியா இருக்கலாம்னுதாம்மா இங்க வந்தோம். ராத்திரியெல்லாம் சுவத்தை உதைச்சா எப்படித் தூங்கறது? கொஞ்சம் சொல்லி வைங்க." யார்கிட்ட சொல்லி வைக்கணும்னு இவர் கேக்கறதுக்குள்ள போயிட்டாங்க.

பதினோரு மணி வாக்குல மேனேஜரே வந்தார். உட்காரல. "சார், பழகின மனுஷன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தையைக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது. எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க."

கட்டில்ல படுத்திருந்த அக்கா எழுந்து உட்கார்ந்தாங்க. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அந்த முகத்துல உசுரு வந்த மாதிரி இருந்ததாம்.

"எங்க பார்த்தீங்க?"

மேனேஜர் முழிச்சார். "எங்கன்னா... காலையில குளத்துல. இப்போ..." அவர் கண்ணு கட்டிலோட கால்மாட்டுக்குப் போச்சு. அங்க ஒண்ணும் இல்ல. அதாவது, இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. மேனேஜருக்கு என்ன தோணிச்சோ, "மத்தியானத்துக்குள்ள காலி பண்ணிடுங்க சார்"னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டார்.

அந்த நேரம் பார்த்து ரூம் கூட்டறதுக்கு ஒரு பொண்ணு துண்டெல்லாம் தூக்கிட்டு உள்ள வந்தது. அக்கா அதோட கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "எனக்குக் கண்ணு சரியில்லம்மா. என் குழந்தை இங்க எங்க இருக்கு, சொல்லு"ன்னாங்க.

அந்தப் பொண்ணு சாதாரணமாத்தான் சொல்லிச்சு. "இதோ, உங்க பக்கத்துலதானேக்கா உட்கார்ந்து காலை ஆட்டிக்கிட்டு இருக்கான்."

இருக்கான்.

அக்கா மெதுவா கேட்டாங்களாம். "முடி எப்படி இருக்கு?"

"ஒட்ட வெட்டியிருக்கு. ஏன்க்கா?"

"என்ன வயசு இருக்கும்?"

"நாலு, அஞ்சு..." அந்தப் பொண்ணுக்கு இப்பதான் பயம் வந்தது. "அக்கா, இது உங்க பையன் இல்லையா?"

அக்கா வீட்டுக்காரருக்கு அப்பதான் அந்தக் கார் கதவுச் சத்தம் ஞாபகம் வந்ததாம். சொல்லணும்னு நினைச்சார். ஆனா அதுக்குள்ள அக்கா தன் பக்கத்துல, ஒண்ணுமில்லாத அந்த இடத்துல, போர்வையை இழுத்துச் சரி பண்ணிட்டாங்க. போர்வை தட்டையாத்தான் கிடந்தது.

"என் பையன்தான். கொஞ்சம் கூச்சப்படுவான்."

பெட்டியைக் கட்டினாங்க. இவர் வண்டியை எடுத்துட்டு வந்தார். அக்கா பின் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, யாரோ ஏறட்டும்னு. அப்புறம் குனிஞ்சு பெல்ட்டை மாட்டினாங்க. வெறும் சீட்டுக்கு. இவர் கண்ணாடியில பார்த்துட்டே இருந்தார்.

"அது அவ இடம்"னார்.

"அவதான் வரலையே"ன்னாங்க அக்கா.

கோவமா இல்ல, அழுதுக்கிட்டும் இல்ல. பால் வரலையேன்னு சொல்ற மாதிரி.

வழியில அதே சவுக்குத் தோப்பு வந்தது. இவர் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தார். பெல்ட்டைக் கழட்டினார். "இறங்குப்பா"ன்னார். அதட்டல் எல்லாம் இல்ல, நல்லபடியாத்தான் சொன்னார். நின்னார்... நின்னுக்கிட்டே இருந்தார். அக்கா திரும்பிப் பார்க்கல. அலை சத்தம் மட்டும் தூரத்துல கேட்டுது. இறங்கிச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? கேக்கறதுக்கு வேற ஆள் யாரும் இல்ல அந்த ரோட்டுல. கடைசியில கதவைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்தார்.

ரொம்ப தூரம் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க். போட வந்த ஆள் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுக் குரலைத் தணிச்சுக்கிட்டான். "தம்பி நல்லாத் தூங்கறான் சார்."

அக்கா தன்னோட துப்பட்டாவை எடுத்துப் பின்னாடி நீட்டி, சீட்டு மேல போர்த்தினாங்க.

அந்தப் பையன் யாருன்னு கேக்காதீங்க. அவர் அந்த ரோட்டுக்குத் தனியா ரெண்டு தடவை போயிருக்கார். கடைக்காரங்க, மீன் பிடிக்கிறவங்க, எல்லாரையும் விசாரிச்சார். அப்படி ஒரு பிள்ளை காணாமப் போனதா, செத்ததா, ஒருத்தரும் சொல்லல.

வீட்டை மாத்திட்டாங்க. பழைய இடத்துல எல்லாருக்கும் பொண்ணைத் தெரியும். புது இடத்துல யாருக்கும் எதுவும் தெரியாது. மூணு பேர் குடிவந்திருக்காங்கன்னுதான் நினைச்சாங்க. எதிர் வீட்டுக்காரம்மா கேக்கறாங்களாம், பையனை இன்னும் ஸ்கூல்ல சேர்க்கலையான்னு. இவர் அடுத்த வருஷம்னு சொல்லிட்டுப் படி இறங்கிடுவார். அக்கா மறுபடி மருந்துக்கடைக்குப் போறாங்க. நேரத்துக்குச் சாப்பிடறாங்க. ஸ்கூல் வேன் போனா இப்பல்லாம் நிக்கறதில்ல. ரெண்டு பேரும் அவனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல, குரல் கேட்டதில்ல. தட்டு வைப்பாங்க, அது அப்படியே இருக்கும், எடுத்துடுவாங்க. எப்படி மச்சான் இருக்கீங்க அங்கன்னு மீட்டர் கேட்டதுக்கு, "பழகிடுச்சுடா"ன்னு மட்டும் சொன்னாராம்.

மீட்டர் அந்த வீட்டுக்குப் போறதையே தள்ளிப் போட்டுட்டு இருந்தான். ஃபோன்லயே பேசிப்பான். போன மாசம் வேற வழியில்ல. அந்தத் தெரு இவன் ஏரியாவுல வந்துடுச்சு. தண்ணி மீட்டர் பார்க்க ஒவ்வொரு வீடா ஏறி இறங்கணும். பகல் நேரம். அக்கா கடையில, மச்சான் வேலையில. பூட்டியிருக்கும், வெளியிலயே ரீடிங் எடுத்துட்டு வந்துடலாம்னுதான் மாடி ஏறினான்.

கதவுல பூட்டு இல்ல. இவன் தட்டக்கூட இல்ல. அதுவாத் திறந்தது, கொஞ்சமா... ஒரு முகம் தெரியற அளவுக்கு. ஒட்ட வெட்டின முடி. நாலு, அஞ்சு வயசு. கதவிடுக்குல அந்த ஈரத்துணி வாடை.

பையன் பயப்படல. இவனை முன்னாடியே தெரிஞ்ச மாதிரி பார்த்தான். வாயில விரலை வச்சுக்கிட்டு, சின்னக் குரல்ல சொன்னான்.

"மாமா, சத்தம் போடாதீங்க. அக்கா இப்பதான் தூங்கினா."

எந்த அக்கான்னு இவன் கேக்கல. தன் அக்கா கடையில இருக்காங்க, இவன் இப்பதான் ஃபோன்ல பேசிட்டு வந்தான். கதவிடுக்கு வழியா உள் ரூமோட வாசல் தெரிஞ்சுது. திரை போட்டிருந்தது. விலக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கல. தன் அக்காகிட்டயும் இதுவரைக்கும் சொல்லல. சொன்னா, அவங்க என்னத்தைத் தேடுவாங்க சொல்லுங்க... எதையும் பார்க்க முடியாத கண்ணை வச்சுக்கிட்டு. போன வாரம் என்கிட்ட வந்து, சொல்லட்டுமா வேண்டாமான்னு கேட்டான். எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

பையன் கதவை அப்புறம் அறைஞ்சு சாத்தலையாம். ரெண்டு கையாலயும் கைப்பிடியைப் பிடிச்சு, தாழ் விழற சத்தம்கூட வராம, மெதுவா... உள்ள யாரோ தூங்கறப்போ நாம சாத்துவோமே, அப்படிச் சாத்தினான்.