ஏழு பெருசா, அஞ்சு பெருசா?

— வைரஸ் எதுவும் இல்ல சார். லேப்டாப் சுத்தமா இருக்கு. ஓடத்தான் தெம்பில்ல.

— அதாவதும்மா, தெம்பில்லாம எப்படி? ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாரு, ஏழுன்னு போட்டிருக்கு. எங்க டிராயிங் செக்‌ஷன்லயே எனக்கு மட்டும்தான் ஏழு. சீனியர்னு மேனேஜரே கையில கொடுத்தார். புதுசா வந்த பொண்ணுங்களுக்கெல்லாம் வெறும் அஞ்சு.

— அவங்க மெஷின் நம்பர் முழுசா தெரியுமா சார்?

— எழுதிட்டு வந்திருக்கேன், இந்தா. அஞ்சு, ஒரு கோடு, பன்னிரண்டாயிரத்து ஐநூறு, அப்புறம் ஒரு ஹெச்.

— பாருங்க சார், உங்களோடது ஏழு, கோடு, ஆறாயிரத்து ஐநூறு, யூ. ஆயிரம்னு படிக்காதீங்க. அவங்களோடதுல முதல்ல இருக்கிற பன்னிரண்டை மட்டும் எடுங்க. அது பன்னிரண்டாவது தலைமுறை சிப். உங்களோடது ஆறாவது.

— இரு இரு. அங்க ரெண்டு எண்ணை எடுக்கணும், இங்க ஒண்ணு போதுமா?

— பெரும்பாலும் அப்படித்தான் சார்.

— இது என்னம்மா கணக்கு? அப்போ அந்த ஏழு எதுக்கு?

— ஏழுன்னா அதோட தலைமுறையில பெரிய ஆள். ஆனா அந்தக் காலத்துப் பெரிய ஆள். இப்போ வர்ற அஞ்சு அதை ஓரங்கட்டிட்டுப் போயிடும்.

— அப்போ யூ?

— பேட்டரியை மிச்சம் பிடிக்கிற ரகம். மெயில் பார்க்க, லெட்டர் அடிக்கப் போதும். ஹெச் பாரமான வேலைக்கு. நீங்க என்ன சார் வரையறீங்க?

— பாலம். முழுப் பாலத்தையும் திருப்பித் திருப்பிப் பார்க்கணும். ஒரு தடவை திருப்பிவிட்டா, நான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்துடலாம்.

— பாலத்தையா சார்? இதுலயா?

— அதாவது, எனக்கு இன்னும் பிடிபடல. அந்தப் பொண்ணுங்க மத்தியானத்துக்குள்ள முடிக்கிறதை நான் ரெண்டு நாள் இழுக்கிறேன். அது இந்த நம்பராலயா?

— இதனாலதான் சார். உங்க மேல தப்பே இல்ல.

— தலையை ஸ்கேன் எடுத்துக்கூடப் பார்த்துட்டேம்மா. ஒண்ணுமே இல்லைன்னுட்டார் டாக்டர். நான்தான் நம்பல.

— பாருங்க சார், ரெண்டு நம்பரையும் இந்தச் சீட்டுல எழுதித் தர்றேன். நாளைக்கு மேனேஜர்கிட்ட காட்டி, வேற மெஷின் கேளுங்க.

— நாளைக்கா? நாளைக்கு இதைத் திருப்பிக் கொடுக்கணும், அதான் ஒரு தடவை பார்த்துடலாம்னு கொண்டுவந்தேன். வயசாயிடுச்சு, மூளை முன்ன மாதிரி ஓடலைன்னு என் கைப்பட எழுதிக் கொடுத்து, இன்னைக்குக் காலையிலதாம்மா வேலையை விட்டேன்.