சனி ஞாயிறுக்கு ஒரு கூடாரம்

அனார்கான்: எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னே தெரியலடி பெரிசாத்... அந்த வீட்டு முற்றத்துல அக்ரூட் மரம் ரெண்டா, மூணா?

பெரிசாத்: எந்த வீடும்மா?

அனார்கான்: நாளைக்குப் போய்த் தங்கப் போறோம்னு நீயும் உன் தம்பியும் ரெண்டு நாளா பேசிட்டிருக்கீங்களே, தில்ஷோத் வாடகைக்கு விடுற வீடு. மலை மேல அர்ஸ்லான்பாப்ல, ஆத்துக்கு இந்தப் பக்கம். உங்கண்ணன் குபாத் சின்ன வயசுல அங்க ஒரு மரத்துலேர்ந்து விழுந்தானே...

உலான்: போய் எண்ணிக்கலாம்மா. டீயைக் குடி, ஆறுது.

அனார்கான்: ஆறட்டும்டா. உங்கப்பாவை அங்க அடக்கம் பண்ணிட்டு இறங்கினதோட சரி. அஞ்சு வருஷமா அந்த மலைப் பக்கம் யாரும் தலைவச்சுப் படுக்கல. இப்ப என்ன திடீர்னு உல்லாசம்?

பெரிசாத்: அக்ரூட் உதிர்ற நேரம்மா. பசங்க பொறுக்கட்டும். காடு முழுக்க மஞ்சளா இருக்கும். சனிக்கிழமை ஏறினா, புதன்கிழமை...

அனார்கான்: சனி ஞாயிறுன்னு சொன்ன?

பெரிசாத்: ...சனி ஞாயிறுதான். வாய் தவறிடுச்சு.

அனார்கான்: ம்.

உலான்: வீட்டுக்காரன் நல்லவன்மா. எல்லாம் கேட்டுட்டேன். ஆட்டைப் பள்ளிவாசல் இமாமே வந்து அறுக்குறாராம். தொழுறதுக்குக் கிப்லா திசைக்குச் சுவத்துல குறி போட்டிருக்கு. பொம்பளைங்க சாப்பிடத் தனி அறை.

அனார்கான்: பக்கத்து அறைக்கு யாராச்சும் வந்து பாட்டிலைத் திறந்தா?

உலான்: வீடு முழுக்க நமக்குத்தான். வேற யாருக்கும் தரமாட்டேன்னு சொல்லிட்டான்.

அனார்கான்: ஆறு அறை இருக்கிற வீடுடா அது. போறது நாம மூணு பேரு, மாப்பிள்ளை, ரெண்டு வாண்டு. மீதி அறையில யாரு படுக்கப் போறா, ஆடா?

உலான்: நல்லா கேட்ட. நான் ஒண்ணுல தலை வைக்கிறேன், இன்னொண்ணுல கால் நீட்டிக்கிறேன்.

அனார்கான்: நோன்பு மாசத்துலயே ஒளிஞ்சு சிகரெட் பிடிச்ச பய, கிப்லா குறி போட்டிருக்கான்னு விசாரிக்கிறான். உலகம் அழியப் போகுது.

பெரிசாத்: அம்மா... ஒரு விஷயம். சபீர் மாமாவும் வர்றார்.

அனார்கான்: யாரு?

பெரிசாத்: உங்கண்ணன்தான்.

அனார்கான்: அந்த டீயை இப்படித் தள்ளு.

பெரிசாத்: கோவிச்சுக்காத.

அனார்கான்: நான் எங்கடி கோவிச்சேன்? வர்றேன்னு அவரே சொன்னாரா?

உலான்: நான்தான் ஃபோன் பண்ணேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பாட்டில் இருக்கிற சாப்பாட்டு விரிப்புல கை வைக்க மாட்டாராம். அதான் இவ்வளவு விசாரணை.

அனார்கான்: குபாத் கல்யாணத்துல ஓட்கா பாட்டிலைப் பாத்துட்டு முடிவுல ஓதுற துஆகூட கேக்காம எழுந்து போன மனுஷன். நாலு வருஷம். ரெண்டு மணி நேரத் தூரத்துல இருந்துகிட்டு...

உலான்: அன்னிக்குப் பாட்டில் வாங்கினது நான்தானேம்மா. அண்ணன் வேணாம்னுதான் சொன்னான்.

அனார்கான்: வாங்கினது நீ. வாசல் வரைக்கும் ஓடிப்போய், "இனி என் வீட்டுல சாவு விழுந்தாக்கூட வராதீங்க"ன்னு கத்தினது நான். நாக்குல எலும்பு இல்ல பாரு.

பெரிசாத்: அதெல்லாம் இப்ப எதுக்கும்மா...

அனார்கான்: சும்மாதான். சரி, லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. முற்றத்துக் குழாய்ல கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு வந்துடறேன். அந்த அலமாரி மேல இருக்கிற ரொட்டியை ரெண்டு பேரும் சாப்பிடுங்க. நேத்து சுட்டது.

உலான்: ஏன்மா நேத்து எண்ணெய் காய வச்ச? தெருமுனை வரைக்கும் வாசனை.

அனார்கான்: வியாழக்கிழமை. செத்தவங்களுக்கு எண்ணெய் வாசம் காட்ட வேணாமா? உங்கப்பாவுக்கு என்னை விட்டா வேற யார் இருக்கா?

பெரிசாத்: ...போயிட்டாங்களா?

உலான்: குழாய்ச் சத்தம் கேக்குது. பேசு. சத்தம் நின்னா நிறுத்திடு.

பெரிசாத்: என்னால முடியலடா உலான். அம்மா மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்லி...

உலான்: இன்னும் ரெண்டு நாள்தான். ராத்திரி மெரிம் அண்ணி பேசினாங்க. அங்க, அண்ணன் கட்டட வேலைக்குப் போன ஊர்ல, காகிதமெல்லாம் முடிஞ்சுது. ஞாயிறு காலையில விமானம். பெட்டியை இங்க வீட்டுக்குக் கொண்டு வரல, நேரா மேல அர்ஸ்லான்பாப்புக்கு.

பெரிசாத்: பாத்தாளாமா அண்ணனை?

உலான்: முகத்துல ஒண்ணும் இல்லையாம். அஞ்சாவது மாடி சாரத்துலேர்ந்து விழுந்தது... பின்தலையிலதான் அடி.

பெரிசாத்: மரத்துலேர்ந்து விழுந்தப்ப பொழைச்சான். மாமா தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார்...

உலான்: அக்கா. அழாத. கண்ணு சிவந்தா கேப்பாங்க.

பெரிசாத்: இப்பவே சொல்லிட்டா என்னடா? நம்ம அம்மாதானே?

உலான்: நாம சொல்லலாமா? பெரியவங்க கூடி உக்காந்து, ரத்த உறவுல மூத்தவர் வாயால சொல்லணும். பெத்தவ காதுல தனியா போட்டுட்டு, அந்தப் பலவீனமான இதயத்தோட அவங்க இங்கயே விழுந்துட்டா? மாமா சொல்லட்டும். அவரைத் தவிர அம்மா பக்கம் யாரும் மிச்சமில்ல.

பெரிசாத்: மாமா எப்படிச் சம்மதிச்சார்?

உலான்: முதல்ல மூச்சுதான் கேட்டுச்சு. அப்புறம், "அவளுக்குத் தெரியாதில்ல? தெரியாதுன்னா நான் வர்றேன். என் தங்கச்சிக்கு இதை வேற யாரும் சொல்லக்கூடாது"ன்னார். உடனே பாட்டில் பேச்சை எடுத்துட்டார். அவருக்கும் அழுகையை மறைக்க ஏதாவது வேணுமே.

பெரிசாத்: அவனைக் கிடத்துற கூடாரம்?

உலான்: கீழூர்லேர்ந்து வாடகைக்கு ஏத்தியாச்சு. தில்ஷோத் முற்றத்துல நாளைக்குக் கட்டிடுவாங்க. அம்மா கேட்டா பசங்க விளையாடன்னு... சத்தம் நின்னுடுச்சு. ரொட்டியைக் கையில எடு.

அனார்கான்: என்ன, வாயில ஒண்ணுமே போகல போலிருக்கே.

பெரிசாத்: சாப்பிட்டுட்டுத்தான் இருக்கோம்.

அனார்கான்: எண்ணிப் பாத்தியா? ஏழு வச்சிருந்தேன். ஏழும் அப்படியே இருக்கு.

உலான்: தொழுதுட்டியா அதுக்குள்ள?

அனார்கான்: இன்னும் இல்ல. ஒளு செஞ்சப்ப ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, மறக்கிறதுக்குள்ள சொல்லிடலாம்னு வந்தேன். காலையில நீ ரொட்டிக்கடைக்குப் போனியே, உன் ஃபோன் சார்ஜ்ல கிடந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. எடுத்தேன். தில்ஷோத் பொண்டாட்டி.

உலான்: ...என்ன சொன்னாங்க?

அனார்கான்: பாவம், நல்ல பொண்ணு. உஸ்பெக்காரங்களுக்கு நம்ம கூடாரத்துப் பழக்கம் தெரியாதுல்ல? வீட்டு மனுஷின்னு நினைச்சு என்கிட்டயே கேட்டா. கூடாரத்துக்குள்ள திரை கட்டணுமே, ஆம்பளைப் பக்கமா, பொம்பளைப் பக்கமான்னு.

பெரிசாத்: அம்மா...

அனார்கான்: திரைக்குப் பின்னாடி செத்தவங்களைத்தான் கிடத்துவாங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பாவுக்குக் கட்டினதே நான்தானே.

உலான்: நீ... நீ என்னம்மா சொன்ன?

அனார்கான்: இடப்பக்கம், ஆம்பளைப் பக்கம்னு சொல்லிட்டேன். தப்பா சொல்லலையே?

பெரிசாத்: அம்மா!

அனார்கான்: கத்தாதடி. தெருவுக்குக் கேக்கும். இங்க அழக்கூடாது. கண்ணைத் துடை.

உலான்: எப்பலேர்ந்துமா... எப்பலேர்ந்து தெரியும்?

அனார்கான்: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குபாத் கூப்பிடுற நேரம் போயிடுச்சு. கூப்பிடல. மறுநாள் விடியறதுக்குள்ள இவ பிஷ்கெக்லேர்ந்து வந்து நிக்கிறா, பசங்களுக்கு மாத்துத் துணிகூட இல்லாம. எட்டு வருஷத்துல என்னை ஒருநாளும் அத்தைன்னு வாய் நிறையக் கூப்பிடாத மாப்பிள்ளை, ஃபோன்ல மூணு தடவை அத்தைங்கிறார். நேத்து உங்கப்பாவுக்காகவா எண்ணெய் காய வச்சேன்? எப்படிப் போனான்னு மட்டும் தெரியாம இருந்துச்சு. குழாயைத் திறந்து விட்டுட்டு இந்த ஜன்னல் ஓரமா நின்னேன்... அதுவும் தெரிஞ்சுபோச்சு.

உலான்: தெரிஞ்சும் ஏன்மா இப்படி... டீ குடிச்சுக்கிட்டு, கிண்டல் பண்ணிக்கிட்டு...

பெரிசாத்: மாமாவுக்கு ஃபோன் பண்ணுடா. அம்மாவுக்குத் தெரியும்னு சொல்லிடு. இனிமே இந்த நாடகம் எதுக்கு?

அனார்கான்: ஃபோனைக் கீழ வை உலான். வைடா. தெரியும்னு சொன்னா அவர் எதுக்கு வரணும்? சாவு விழுந்தாலும் வராதீங்கன்னு சொன்ன வாய் இது. எனக்குச் சொல்றதுக்குன்னுதானே அந்த மனுஷன் மனசு இறங்கி வர்றார்? கேட்டுக்கோங்க ரெண்டு பேரும். நாளைக்கு நாம விடுமுறைக்குப் போறோம். ஆடு, பிலாவ், பசங்க அக்ரூட் பொறுக்கும். ஞாயித்துக்கிழமை காலையில எங்கண்ணன் என் எதிர்ல உக்காந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுவார். என் புள்ளை வருவான், மருமக கூட வருவா. நீ நம்ம ஆம்பளைங்க வழக்கப்படி கூடாரத்துக்கு வெளிய கம்பூன்றி நின்னு அழு. நானும் உங்கக்காவும் உள்ள அழுவோம். மண்ணு போட்டதும் உங்கப்பா பக்கத்துல அவன் படுத்துப்பான். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த டீயை எடுத்துட்டுப் போய்ச் சூடு பண்ணு பெரிசாத், நான் தொழுதுட்டு வர்றேன்.