மூன்றாவது வந்தால் ஒட்டும்

"சுருக்கமாகப் பேசு" என்று இப்போதே கண்ணால் மிரட்டும் அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுமையாக்கிய மூத்தோர்களே! பிள்ளைகளை மடியில் இருத்தி அணுவின் கதை கேட்க வந்த அன்னையர்களே! கடைசி வரிசையில் கண்ணயரக் காத்திருக்கும் கண்மணிகளே! யாவர்க்கும் என் வணக்கம்!

இன்று பாராட்டுப் பெறுபவர் என் அண்ணி. நாத்தனார் வாயால் நல்ல பெயர் வாங்கிய அண்ணியை நாடு கண்டதுண்டா? சிரிக்காதீர்கள் ஐயா, உங்கள் வீட்டிலும் விசாரிப்பேன்!

கீழ்த்தள ஆய்வகத்தில் அவர் லித்தியம் அணுக்களைக் குளிர்விக்கிறார். மேல்தளத்தில் நான் சீசியம் அணுக்களை. எப்படிப்பட்ட குளிர்? பனிக்கட்டியே போர்வை கேட்கும் குளிர்! ஓடித் திரிந்த அணுக்கள் ஓய்ந்து, லேசர் ஒளி விரித்த பொறிக்குள் ஒடுங்கி நிற்கும். காந்தப்புலத்தைத் திருகினால், அவற்றின் ஈர்ப்பை நாமே கூட்டலாம், குறைக்கலாம்.

அங்கேதான் வந்தது வினை! ஒரு குறிப்பிட்ட புலத்தில் அண்ணியின் அணுக்கள் கூட்டங்கூட்டமாய்க் காணாமல் போயின. காற்றுக் கசிவு என்றார்கள். பம்பைக் கழற்றிப் பூட்டினார். கண்ணாடியில் அழுக்கு என்றார்கள், துடைத்தார். மறுபடி அதே இடம்! மறுபடி அதே ஓட்டம்! "அணு நிற்காத ஆய்வகம் எதற்கு? இழுத்துப் பூட்டுவோம்" என்றது மேற்பார்வைக் குழு. அண்ணி அன்று அழுதார். நான் பார்த்தேன்.

அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறி என்னிடம் வந்தார்.

"உன் அணுவும் எங்கயாவது இப்படி ஓடுதா?"

"ஓடும் அண்ணி. வரைபடத்துல அந்த இடத்துல கோடு பள்ளமா விழும், அதுக்குப் பேரே குழி. நாங்க எப்பவும் தாண்டித்தான் போவோம்."

"ஏன் தாண்டுறீங்க?"

"இறங்கினா அணு போயிடுமே!"

"ஏன் போகுதுன்னு யாராவது பாத்தீங்களா? இன்னிக்கு இறங்குடி!"

இறங்கினோம்! கண்டோம்! கணக்கு என்றோ சொன்னதைக் கண்ணெதிரே கண்டோம்! இரண்டு அணுக்கள் சந்தித்தால் ஒட்டுவதில்லை. மூன்று கூடினால் ஒட்டும். அந்த மூவர் கூட்டு முளைக்கும் புலத்தில்தான், இரண்டு இறுகப் பிணைய, மூன்றாவது தெறிக்க, மூன்றுமே பொறியைவிட்டுப் பறந்தன. எங்கள் வீட்டுக் கதையேதான்! அண்ணியும் நானும் தனித்திருந்தால் ஒட்டாது. அண்ணன் நடுவில் வந்தால் ஒட்டிக்கொள்வோம். ஒட்டியதும் இருவரும் சேர்ந்து அண்ணனை வெளியே தள்ளுவோம்! அதோ, தலையாட்டுகிறார் பாருங்கள்!

லித்தியம் இலேசு, சீசியம் பாரம். குழி விழுந்த புலமும் வேறு வேறு. ஆனால் ஒவ்வோர் அணுவின் ஈர்ப்புக் கை எட்டும் தூரத்தையே அதற்கு அளவுகோலாக்கி, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார் அண்ணி. குழிமேல் குழி! கோட்டின்மேல் கோடு! நீ யார் என்று கேட்டதா இயற்கை? எந்தக் குலம் என்று கேட்டதா? உன் கை எவ்வளவு தூரம் எட்டும் என்று மட்டுமே கேட்டது!

பூட்டோடு வந்த குழுத்தலைவர், "அப்போ கசிவு எங்கேம்மா?" என்றார்.

"கசிவே இல்லைங்க. நீங்க பூட்ட வந்தது கண்டுபிடிப்பை."

அந்தப் பூட்டு இன்று என் அண்ணியின் மேசையில், காகிதம் பறக்காமல் காவல் இருக்கிறது! இனி இந்தக் கட்டடத்தில் எவரும் குழியைத் தாண்டமாட்டோம், இறங்குவோம்!

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், விழித்தே இருந்த கடைசி வரிசைக்கும் நன்றி. அண்ணி, மேடைக்கு வாங்க. அண்ணா, நீயும் வா. நீ இல்லாமல் நாங்கள் ஒட்டமாட்டோம். வணக்கம்!