முழுத் தீனியில் ஒரு மணி நேரம்

குச்சிக்கிழங்கைப் பிடுங்கிய பிறகு இரண்டு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஐயா. மூன்றாம் நாள் உடைத்துப் பார்த்தால் உள்ளே நீலமாகக் கோடு ஓடியிருக்கும். அதை அரைத்தால் ஜவ்வரிசி வெளுப்பாக வராது. சேலத்து வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, பேசாமல் மூட்டையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பச்சியப்பன் முதலாளி மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவருடைய அவசரம் கிழங்கின் அவசரம். தை மாதத்தில் மில் வாசலில் நாலு லாரி வரிசையாக நின்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

என் பெயர் தாவூது. பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாகிறது. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்தால் பழைய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செப்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். நல்லம்பள்ளியிலிருந்துகூட பஸ்ஸின் மேல் ஏற்றிக் கொண்டுவருவார்கள். நான் கட்டிய காயில் எரிந்து திரும்பி வந்தது என்று இந்தப் பக்கத்தில் ஒருத்தர் சொன்னதில்லை. சொன்னதில்லை என்றால், போன ஐப்பசி வரைக்கும்.

பச்சியப்பன் மில்லில் கிழங்கு அரைக்கும் மிஷினுக்கு இருபது குதிரைச் சக்தி மோட்டார். ஐப்பசியில் அதற்கு நான்தான் காயில் கட்டினேன். வேண்டிய அளவைவிட ஒரு சுற்றுப் பருமனான கம்பி போட்டேன். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. கார்த்திகையில் கிழங்கு வர ஆரம்பித்தது. மோட்டார் நிற்க ஆரம்பித்தது.

நின்றது என்றால் கெட்டுப்போய் அல்ல. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ரிலே என்று ஒன்று இருக்கிறது. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்டு இழுத்தால் அது சூடாகி, டக்கென்று தட்டி, அதாவது டிரிப் ஆகி, நிறுத்திவிடும். சூடு ஆறினால் பச்சைப் பொத்தானை அமுக்கி மறுபடி ஓட்டலாம். அதற்கென்றே செல்லி என்ற பொம்பளையை ஸ்டார்ட்டர் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் “போச்சுங்கோ!” என்று அவள் கத்துவாள். கிழங்கு கொட்டுகிறவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைப்பார்கள்.

முதலாளி எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். வெறுமனே ஓடும்போது நானூறு வோல்ட். முழுத் தீனியாகக் கிழங்கைக் கொட்டியதும் முந்நூற்று இருபதுக்கு இறங்கியது. வோல்ட் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிகக் கரண்டு இழுக்கும். குறை மோட்டாரில் இல்லை. அதற்கு வேண்டியது அதனிடம் வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதையும் கண்டுபிடித்தேன். ரோட்டோரம் மீட்டர் ரூம். பின்னால் மில். நடுவில் திப்பி போட்டுவைக்கும் குடோன். கிழங்குச் சக்கையைக் காயவைத்தால் திப்பி, மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அந்தக் குடோனின் ஓலைக் கூரைக்குள்ளாக நூற்றிருபது அடி ஒயர் வருகிறது. மெல்லிய அலுமினிய ஒயர். நடுவில் நீளம் பற்றாமல் ஓர் ஒட்டு. முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தது. ஏணி வைத்து ஏறி, டேப்பின் மேல் கை வைத்தேன். சூடான டீ கிளாஸ் மாதிரி இருந்தது.

ஒயர் இழுத்தவன் முனிராஜ். மில் வயர்மேன். ஐ.டி.ஐ. படித்தவன். நான் படிக்காதவன்.

“மொதலாளி, ஒயரை மாத்துங்க. அதுவரைக்கும் பாதித் தீனி போடச் சொல்லுங்க. நாள் பூரா நிக்காம ஓடும்” என்றேன்.

“பாதித் தீனியா? அப்புறம் எதுக்குப் பாய் எனக்கு முழு மோட்டாரு?” என்றார்.

முனிராஜ் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். “காயிலு சரியில்லன்னா ஒயரு சுடத்தாங்க செய்யும். காய்ச்சக்காரன் படுத்தா பாய்கூட சுடுதில்ல, அந்த மாதிரி.”

“மோட்டாரைக் கழட்டி ஆத்துல போட்டுட்டு உன்னைக் கட்டி ஓட்டலாம்டா” என்றாள் செல்லி. “உனக்கு வாயி மட்டும் டிரிப்பே ஆவ மாட்டேங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒயர் மாறவில்லை. மோட்டாரைத்தான் கழற்றி என் கடைக்கு அனுப்பினார்கள். சோதித்தேன், நன்றாக இருந்தது, திருப்பி அனுப்பினேன். மறுபடி அனுப்பினார்கள். மூன்று தடவை. மூன்றாம் தடவை வண்டியில் ஏற்றும்போது டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அன்றைக்கு மில்லில் வைத்து முனிராஜ் கேட்டான்: “ஒரு நாளைக்கு அஞ்சு தடவை நின்னுடுதே பாய். உங்ககூட சேர்ந்து மோட்டாரும் தொழுவப் போவுதா?”

நானும் சிரித்தேன். நன்றாக யோசித்துச் சொன்ன பேச்சுதான். அது ஊருக்குள் வந்துவிட்டது. சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “தொழுவுற மோட்டாரு பாய்தானே?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மாதத்தில் நல்லம்பள்ளியிலிருந்து ஒரு மோட்டார்கூட வரவில்லை. வேலைக்கு வந்திருந்த இரண்டு மோட்டாரை, கட்டாமலேயே திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் மனைவி பரிதா சொன்னாள், “விட்டுத் தொலைங்க. ஒரு மோட்டாருதானே.” அவள் மேலும் எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு அது ஒரு மோட்டார்.

போன புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை முதலாளி ஆள் அனுப்பினார். போனபோது வாசலில் நாலு லாரி நின்றது. முதல் லாரிக் கிழங்கில் நீலம் விழுந்திருந்தது. ஓர் உடைந்த கிழங்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“பாருங்க பாய். இன்னைக்கு ஒரு மணி நேரம் முழுத் தீனியில நிக்காம ஓட்டிக் காட்டுங்க. காட்டிட்டா முனிராஜைக் கூப்பிட்டு நானே ஒயரை மாத்தச் சொல்றேன். நின்னுதுன்னா, சாயங்காலமே மோட்டாரு வேற ஆளு காயில் கட்ட சேலத்துக்குப் போவுது. உங்களுக்கும் எனக்கும் பேச்சு முடிஞ்சுது.”

நியாயமான பேச்சு. சரி என்றேன்.

அவர் லாரிக்காரர்களைச் சமாதானப்படுத்த வாசலுக்குப் போனார். நான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். ரிலே தட்டினால்தானே மோட்டார் நிற்கும்? அது தட்டாதபடி ஒரு சின்ன மூங்கில் துண்டை இடுக்கில் சொருகி, மூடியைப் போட்டு, திருகை இறுக்கினேன். செல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க பாய், மருந்து வெச்சீங்களா?”

“ஆமா. இனிமே நிக்காது.”

“அப்ப எனக்கு வேலை போச்சா?” என்று சிரித்தாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. பழக்கம். நிறுத்துகிற சிவப்புப் பொத்தானுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மணி ஒன்று ஐந்துக்கு ஓட்டினேன். முழுத் தீனி. கூடை கூடையாகக் கொட்டினார்கள். நான் ஒயரைச் சுற்றிக் கவ்விக் கரண்டு பார்க்கும் டாங் டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முள் நாற்பதைத் தாண்டியது. பத்து நிமிஷம். இருபது. மோட்டாரின் முதுகில் கை வைத்தேன். சூடுதான். ஆனால் தாங்கும் சூடு. பருமன் கம்பி போட்டிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா.

அரை மணி ஆனபோது கிழங்கு கொட்டுகிறவர்கள் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவன், “நிக்கவே இல்லியே பாய்” என்றான். பீடி குடிக்க முடியவில்லை என்ற வருத்தம் அவனுக்கு.

நாற்பத்தெட்டாவது நிமிஷத்தில் வாடை வந்தது. நான் உடனே மோட்டாரிடம் குனிந்து முகர்ந்து பார்த்தேன். மோட்டாரிலிருந்து இல்லை. வார்னிஷ் எரிந்தால் வரும் வாடையை எனக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். இது டேப் எரிகிற வாடை. குடோன் பக்கமிருந்து வந்தது. மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் நான் மூன்று மாதமாகச் சொல்லிவந்தது அதுதானே?

செல்லிக்கும் வாடை வந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

“பாய், குடோன்ல பொகை வருதுங்க. அமுக்கட்டுங்களா?”

அவள் விரல் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று ஐம்பத்து மூன்று. இன்னும் பன்னிரண்டு நிமிஷம்.

“அமுக்காதே” என்றேன்.

“முனிராஜண்ணன் உள்ளாற படுத்திருக்காருங்க. ராத்திரி டூட்டி பாத்துட்டு, சோறு தின்னுட்டுத் திப்பி மூட்டை மேல படுத்தாரு.”

அது எனக்கும் தெரியும். வரும்போதே பார்த்திருந்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

“அப்ப நீ போயி எழுப்பு” என்றேன். “ஓடு.”

இதைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. உள்ளே ஓர் ஆள் தூங்குகிறான். அவனை எழுப்ப ஓர் ஆளை அனுப்பினேன். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்? அவள் அங்கே நின்றிருந்தால் என்னைக் கேட்காமலே பொத்தானை அமுக்கியிருப்பாள் என்பதும் உண்மைதான். அவள் கை அப்படிப்பட்ட கை. நினைக்கும் முன்பே அமுக்கிப் பழகியது. அதையும் அந்த நேரத்தில் நினைத்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

அவள் ஓடினாள். நான் ஸ்டார்ட்டருக்கு முன்னால் வந்து, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

ஐம்பதாவது நிமிஷம் வெளியே கூச்சல் கேட்டது. கிழங்கு கொட்டுகிறவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தீனி குறைந்தால் கணக்கில் சேராது என்பதால், கூடையை நானே தூக்கிக் கொட்டினேன். ஒவ்வொரு கூடையும் இருபது கிலோ இருக்கும். எனக்கு நாற்பத்தாறு வயது. கொட்டிவிட்டு முள்ளைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், மறுபடி கொட்டுவேன்.

திப்பி பஞ்சு மாதிரி, ஐயா. பொறி விழுந்தால் போதும். ஓலையும் சாக்குமாக எல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஐம்பத்தேழாவது நிமிஷத்தில் மோட்டார் நின்றது. குடோனில் ஒயர் அறுந்து விழுந்திருக்கிறது. மூன்று நிமிஷம் குறைவு. அது ஒயரின் குறை.

முனிராஜ் பிழைத்துக்கொண்டான். புகை மூக்கில் ஏறியதும் தானே விழித்து, பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டானாம். செல்லிக்கு அது தெரியாது. மூட்டைகளுக்கு நடுவில் அவனைத் தேடி, “அண்ணே, அண்ணே” என்று கூப்பிட்டிருக்கிறாள். வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. மோட்டார் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்சம் கேட்டது. வெந்துபோனவளை வெளியே இழுத்து, தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், வேனிலேயே அவள் முடிந்துபோனாள்.

எல்லோரும் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஸ்டார்ட்டரைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பயந்து அல்ல. வேலை முடிந்தால் கருவியை எடுத்துவைப்பது வழக்கம். இதோ, அந்தத் துண்டு. மேசை மேல் வைக்கிறேன்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. துக்கத்துக்குப் போனேன். முதலாளி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். முனிராஜ் கையில் கட்டோடு வந்திருந்தான். “எனக்காக வந்துதான் செத்துச்சு பாய்” என்றான். அவன் கிண்டல் இல்லாமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எட்டு நாளாகக் கடையைத் திறந்தேன், மூடினேன், தூங்கினேன். இப்படியே இருந்திருக்கலாம், ஐயா. நீங்கள் என்னைத் தேடி வந்திருக்கவே மாட்டீர்கள்.

நேற்றுக் காலையில் டீக்கடையில் ஒருவர் சொன்னார். முதலாளி உங்களிடம் கொடுத்த புகாரில், ‘மோட்டார் காயில் எரிந்து அதனால் தீப்பிடித்தது’ என்று எழுதியிருக்கிறதாம். முனிராஜ் சொல்லித்தான் எழுதினாராம். இரண்டு பேர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். ராத்திரி பூராவும் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் இங்கே வந்துவிட்டேன்.

மோட்டாரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேலத்துக்காரனையே கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு சுற்றுக் கம்பிகூடக் கருகியிருக்காது. ரிலேயை அடைத்தது நான். வாடை வந்தும் நிறுத்தாமல் ஓட்டியது நான். பொத்தானிலிருந்து கையை எடுக்கவைத்து அவளை உள்ளே அனுப்பியதும் நான்தான். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காயில் எரிந்தது என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.

செல்லிக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, ஐயா. துக்க வீட்டில்தான் பார்த்தேன். நாலு வயது இருக்கும். அது வளர்ந்து பெரியவளான பிறகு, உங்கள் அம்மாவைக் கொன்றது தாவூது பாய் கட்டிய காயில் என்று யாராவது சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?