நன்றி சொல்கிற பையன்

தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர் புவான் நூருல். குறையாகச் சொல்லவில்லை. ஈப்போவில் எந்தக் கடையிலும் இப்போது இப்படித்தான் கலக்குகிறார்கள். யுகேந்திரன் எங்கே என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கம் உங்களுக்குப் புரியும்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. அவன் அம்மா அஞ்சலையக்கா விடிவதற்குள் பால்மரம் வெட்டப் போய்விடுவார். "கனகு, தம்பிய ஜாகா பாத்துக்கய்யா" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போவார். அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதினான்கு. பள்ளி விடுமுறை முழுக்க அவன் என் பொறுப்பு.

ரப்பர் தகடுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. செங்கல் சுவர், ஜன்னல் கிடையாது. அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துவேன். அழக்கூடாது. அழுகை நின்ற பிறகு "நன்றி அண்ணே" என்று சொன்னால் திறப்பேன். விளையாட்டுத்தான். சில நாள் மத்தியானம் வரை ஆகும், அவன் கொஞ்சம் மந்தம். போகப்போகக் கற்றுக்கொண்டான்.

இரண்டு குடும்பமும் ஈப்போ புந்தோங்கில் வந்து குடியேறிய பிறகு, இவனைப்போல் மரியாதையான பிள்ளை கிடையாது என்று தெருவே சொன்னது. நம் ஆட்கள் வீட்டில் யாரிடம் நன்றி சொல்கிறார்கள்? இவன் லிப்ட் கதவு திறந்தால் நன்றி சொல்வான். பஸ் கதவுக்குச் சொல்வான். தூக்கத்திலும் சொல்வான். அஞ்சலையக்காவுக்குப் பெருமை தாங்காது. "தங்கமான புள்ளலா, கனகு" என்பார். எல்லாம் என் வளர்ப்பு என்று நான் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

இருபத்து மூன்று வயதிலும் குளியலறைக் கதவைச் சாத்தமாட்டான். எந்த வேலையிலும் நிலைக்கமாட்டான், மூச்சு முட்டுகிறது என்று ஓடி வந்துவிடுவான். நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவேன். என்னை விட்டால் அவனுக்கு யார்?

பிறகு மாதுமை என்று ஒரு மனநல ஆலோசகர் கிடைத்தார். அந்த அம்மாள் அவனைக் கெடுத்துவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு குளித்தான். கமுந்திங்கில் வேலை கிடைத்தது, அங்கேயே தங்கப்போகிறேன் என்றான். அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. போன வாரம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, நீங்க பண்ணது விளையாட்டு இல்லலா. அதுக்கு வேற பேரு இருக்கு." எனக்கு வலித்தது. உங்களுக்கும் வலித்திருக்கும்.

அந்தக் கொட்டகையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தால் மிச்சப் பயமும் விட்டுப்போகும் என்று நான்தான் சொன்னேன். சனிக்கிழமை போனோம். தானாகவே உள்ளே நடந்தான். சுவரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். "சின்ன ரூம்புதாண்ணே" என்றான். நான் கதவைச் சாத்தினேன். பூட்டு புதுசு. முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன்.

வெளியே உட்கார்ந்து காத்திருந்தேன். அழுதான், கதவை உதைத்தான், எல்லாம் பழைய மாதிரிதான். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மறுநாளும் போனேன். "என்னடா, மறந்துட்டியா?" என்று கேட்டேன். "சொல்லமாட்டேன்" என்றான், குரல் கம்மிப்போய். நேற்று போனபோது அதுவும் இல்லை. ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் திறந்திருப்பேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

இதோ சாவி. எழுந்துவிட்டீர்கள், போங்கள். திறந்ததும் அவன் எனக்கு நன்றி சொன்னானா என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.