வலியைத் தீர்க்காத சாமி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தாள். கரும்பு லோடு ஏற்றும்போது விழுந்தவள் என்று பேச்சில் தெரிந்தது. மற்றவள் அவள் புருஷனின் அக்கா.

“ஜெபத்துக்குப் போறியாமே. வலி போச்சா?”

“போவல அண்ணி.”

“கம்மியாவது ஆச்சா?”

“இல்ல. அப்படியேதான் இருக்குது.”

“அப்புறம் எதுக்குடி போற? போச்சுன்னு சொன்னாகூட நம்பிடுவேன். மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்களா?”

“வேளைக்குப் போடச் சொல்றாங்க.”

“பேர மாத்திட்டாங்களா?”

“நான் அஞ்சலதான் அண்ணி.”

“இல்ல, என்னமோ இருக்குது. மறைக்கிற.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சின்னவள் பல்லைக் கடித்தாள்.

“ராத்திரி வலி எடுத்தா வூட்ல எல்லாரும் தூங்குறாங்க. நான் ஏசப்பாகிட்ட பேசிக்கினு கெடப்பேன். அவரும் ஆணி அடி வாங்கினவரு. வலின்னா இன்னான்னு அவருக்குத் தெரியும்.”

“தன் ஆணியவே புடுங்கிக்காத சாமி உனக்கு இன்னா செய்யும்?”

“ஒண்ணும் செய்யல அண்ணி. கூட இருக்காரு.”

சின்னவள் இடுப்பு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

“உங்க தம்பிகிட்ட சொல்லிடுவீங்களா? தெரிஞ்சா போவ வுட மாட்டாரு.”

“சும்மா வுடுவேனா? ஞாயித்துக்கிழம நானும் வரேன். இன்னா ஏமாத்து நடக்குதுன்னு பாத்துட்டுதான் தம்பிகிட்ட பேசுவேன்.”

அவர்கள் இறங்கும் இடம் வந்தது. பெரியவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

“அங்க தரையிலதான் ஒக்காரணுமா, சேர் போடுவாங்களா?”