ஒரு பூவையும் விடவில்லை

"அப்பனுக்க பூமியில எனக்குள்ள பத்து சென்ட எழுதித் தா, அண்ணா."

கழிந்த மார்கழியில் ஒரு நாள், காலைக் காப்பி குடித்துக்கொண்டே கேட்டேன், சார். சண்டை போடுகிற குரலில்கூட இல்லை. பங்கு என்ற பேச்சை மட்டும் அண்ணன் சுந்தரதாசிடம் எடுத்துவிடாதே என்று அம்மா சாகும்வரை சொல்லியிருந்தாள். அந்தப் பத்து சென்டில் ஒரு நர்சரி போட்டு, யாரிடமும் கைநீட்டாமல் இருக்க நினைத்தேன். அதனால் எடுத்தேன்.

அண்ணன் சிரித்தான். "எடி மினி, தனுவச்சபுரம் காலேஜுக்கு அஞ்சு வருசம் பஸ்ஸேத்தி விட்டுப் படிப்பிச்சேன்லா. அதாக்கும் ஒனக்க பங்கு. சர்ட்டிபிகேட்ட நட்டு வச்சு தண்ணி ஊத்து, காய்க்கும்."

நீங்கள் விவசாய ஆபீசர், அழுகிய கொடியைப் பார்க்க வந்தவர். உங்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், நோட்டில் 'பூஞ்சை நோய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பூஞ்சை கடைசியில் வந்தது. அது வருவதற்கான கதவைத் திறந்து வைத்தவள் நான்.

வனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோ. அந்தப் பூவில் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே நாக்குபோல ஒரு தோல் உண்டு. அதை விலக்கத் தெரிந்த தேனீ அங்கேதான் இருக்கிறது. அங்கேயும் நூறு பூ விரிந்தால் ஒன்றிரண்டுதான் காயாகும். அதனால் தாங்காத பிஞ்சை உதிர்க்கும் புத்தி வனிலாவுக்கு வரவே இல்லை. நம் மாமரத்துக்கு உண்டு. இங்கே ஆரியங்கோட்டில் தேனீயின் வேலையை ஈர்க்கில் குச்சியோடு நாங்கள் செய்கிறோம். காலையில் விரிந்த பூ உச்சிக்குள் வாடிவிடும். அதற்குள் தொடவேண்டும். ஒரு குலைக்கு எட்டுப் பூ, கூடினால் பத்து. மீதியை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கொடி வலுவிழந்து நோய்க்கு இடம் கொடுக்கும். நீங்கள் கொடுத்த நோட்டீசிலேயே இருக்கிறது. நாலாம் வகுப்போடு நிறுத்திய அண்ணன் அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். அந்த ஒரு வரியைத் தவிர.

தொண்ணூற்றைந்தில் நட்ட கொடிகள், முந்நூறு மூடு. கழிந்த தை முதல் பங்குனி வரை ஒரு பூவையும் விடவில்லை. காய் சரம்சரமாகத் தொங்கியதை அண்ணன் ஊரைக் கூட்டிக் காட்டினான். "எனக்க தங்கச்சிக்க கைராசியாக்கும்" என்றான். செத்துக்கொண்டிருக்கும் கொடியின் முன் நின்றுதான் சொன்னான். ஒன்றும் தெரியாதவனின் பெருமையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு, சார்.

கண்டுபிடித்தது பெர்த்தா மைனிதான். அண்ணன் மனைவி, பொழியூர் கடல்புறத்துக்காரி. என்னோடு சேர்ந்து பூத் தொட்டவள். உப்பு மணலில் படரும் அடப்பங்கொடி மாதிரி தடித்த தோல். எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் வேர்விடும் இனம்.

"மினி மக்கா, இம்புட்டுக் காயையும் இது தாங்குமா? மீனு கூடிப்போனா எங்களுக்க வல கீறிப்போவும். பாதியப் பறிச்சுக் களைவமா?"

"மைனி எந்தக் காலேஜுல படிச்சிய?"

"கடலு காலேஜாக்கும். பீஸு கெடையாது" என்று சிரித்தாள்.

நான் புத்தகம் வைத்துப் படித்ததை அவள் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனி மழையில் கொடிகள் மஞ்சளித்து அடியிலிருந்து அழுகின. காய்கள் முற்றாமலே விழுந்தன. அண்ணன் இரண்டு கை நிறைய அவற்றை அள்ளிக்கொண்டு வந்து நின்றான். "எடி, நீ படிச்சவளல்லா. என்னத்துக்கு இது அழுகுது?" என் படிப்பை மதித்து அவன் கேட்ட முதல் கேள்வி. அடுக்களை வாசலில் நின்ற மைனி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

வயிற்றுப்பிள்ளைக்காரி தொட்டால் கொடி அழுகும் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. மடத்தனம். யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று செடிக்கு என்ன தெரியும்? இதெல்லாம் தெரிந்த நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "மைனி வயித்துப்பிள்ளையோட தொட்டாவல்லா. அதாக்கும்."

"புஸ்தகத்துல உண்டா?"

"உண்டு."

அவன் மண்வெட்டிப் பிடியைக் கழற்றினான். மழை விட்டிருந்தது. நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மைனி என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். கடைசித் துணியையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பிள்ளை போய்விட்டது. தாங்காததை உதிர்த்தால் செடி பிழைக்கும், மைனியும் பிழைத்துக்கொண்டாள். வழுக்கி விழுந்தேன் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறாளாம். நான் சொன்னேன் அல்லவா, எங்கேயும் வேர்விடும் இனம்.

ஆனால் பொழியூர் ஆட்கள் அதை நம்பவில்லை. கேஸ் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நேற்று அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "மக்கா, நீ ஒண்ணும் காணல்லேன்னு சொன்னா போரும். பத்து சென்டும் எழுதித் தாறேன்." கையைக் கூப்பினான். இந்தக் கைக்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது. சரி என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை.

பதினோரு மணிக்கு நெய்யாற்றின்கரை ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து. நீங்கள் பூஞ்சை என்பதை வெட்டிவிட்டு, அளவுக்கு மீறிய மகரந்தச் சேர்க்கை என்று எழுதுங்கள். என் பெயரையும் எழுதலாம், எனக்கு வெட்கம் இல்லை. மைனி விஷயம் உங்கள் நோட்டில் வராது. அடித்தது அண்ணன்.

பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்று போகும். ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறாள், வருகிறவர்களிடமெல்லாம் மினி வரவில்லையா என்று கேட்கிறாள் என்றார்கள். நான் இறங்கப் போவதில்லை. எதற்கு இறங்க வேண்டும்? நான் தொட்டது பூவை மட்டும்தான்.

கொஞ்சம் வழி விடுங்கள், சார். பஸ் வந்துவிட்டது.